கண்மாய்க் கரையில் கற்கும் தலைமை

பள்ளிக்கூடம் மாணவருக்கு முதலில் அளிக்கும் தலைமை, ஆசிரியர் இல்லாத வேளையில் பேசியவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதிவைக்கும் வகுப்புத் தலைவர் பொறுப்பாகும். அது ஆசிரியரிடமிருந்து இரவலாகப் பெற்ற அதிகாரம் என்பதால் அவர் வகுப்புக்குள் நுழைந்ததும் முடிந்துவிடுகிறது. இதிலிருந்து வேறான தலைமையைப் பழக்குவது, காந்தி நூற்றாண்டான 1969-இல் செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டம். படிப்போடு சமூகப் பணியை இணைக்கும் இத்திட்டத்தில் சேரும் கல்லூரி மாணவர், ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டாண்டுகள் பணியாற்றுவதோடு, ஒரு கிராமத்தில் ஏழு நாள் தங்கி உழைக்கும் சிறப்பு முகாமிலும் பங்கேற்கிறார்.

லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் முல்லைப் பெரியாற்று நீரால் இருபோக நெல் விளையும் கம்பம் பள்ளத்தாக்கில் இம்முகாமுக்குத் தனிப் பொருள் உண்டு. கண்மாயையும் வாய்க்காலையும் ஊராரே கூடிச் செப்பனிடும் முறைக்குக் குடிமராமத்து என்று பெயர். வரத்துக்கால்வாயில் முள்செடி வெட்டும் மாணவர், அறிந்தோ அறியாமலோ, அந்தப் பழைய கடமையில்தான் கைவைக்கிறார். மண்வெட்டி போதாதபோதும், சமைத்த சோறு குறையும்போதும், ஊர்ப் பெரியவர் ஒருவர் வேலையில் குறை சொல்லும்போதும் யார் முன்வருவது என்பதை எந்தப் பதவியும் தீர்மானிப்பதில்லை. பெரியவர் சொல்வதை முழுமையாகக் கேட்டுவிட்டு, சேற்றில் முதலில் இறங்குபவரின் பின்னால்தான் மற்றவர்கள் இறங்குகிறார்கள்.

எனினும் பண்பு முகாமில்தான் தொடங்குகிறது என்று கருதுவது பெரும்பிழை. பெற்றோர் விடியுமுன் ஜீப்பேறி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் சென்றுவிடும் வீடுகளில், அடுப்பைப் பார்த்து, தம்பி தங்கையரைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வகுப்புக்கு வரும் மாணவியரின் பொறுப்புணர்ச்சி எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. மணிக்கணக்கைச் சான்றிதழுக்காக மட்டும் நிறைவு செய்பவரைவிட இவர்களே தலைமைக்குத் தகுதியானவர்கள். ஆகவே முகாமின் பொறுப்புகளைப் பகிரும்போது மேடையில் நன்றாகப் பேசுபவரை மட்டும் தேடாமல் இவர்களையும் முன்னிறுத்துவதும், ஏழாம் நாளோடு ஊரை மறந்துவிடாமல் செப்பனிட்ட அதே கண்மாய்க்கு அடுத்த மழைக்குப் பின்னும் மாணவரை அழைத்துச் செல்வதும் இப்பள்ளத்தாக்கின் பள்ளி, கல்லூரித் திட்ட அலுவலர்கள் மேற்கொள்ள வேண்டிய கடமைகளாகும்.