இரு நாட்டுக் குடியுரிமை

கடந்த ஆண்டு எம் கல்லூரித் தமிழ்க் கழகத்தில் நிகழ்ந்த சொற்போரில், இரு நாட்டுக் குடியுரிமை உடையார் பாராளுமன்றத்தில் அமர்தல் தகாது என்னும் பக்கம் எமக்கு வாய்த்தது. யாமும் பெரிதும் மகிழ்ந்தோம். ஒருவர் உள்ளம் ஒரு நாட்டிற்கே உரியதாதல் வேண்டும் என்பதற்கு விளக்கமும் வேண்டுமோ என்றே எண்ணியிருந்தோம்.

சான்று தேடி ஆஸ்திரேலிய நாட்டின் அரசியற் சட்டத்தைப் புரட்டினோம். 1901-இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் 44-ஆம் பிரிவு, அயலரசு ஒன்றின் குடியாயிருப்பவர் உறுப்பினராதலை விலக்குகின்றது. நல்ல படைக்கலம் கிடைத்தது எனக் களித்தோம். 2017-இல் அது யார்மேற் பாய்ந்தது என்று பார்க்கப் புகுந்தபோதுதான் எம் கை தளர்ந்தது.

லாரிசா வாட்டர்ஸ் என்னும் மேலவை உறுப்பினர், ஆஸ்திரேலியப் பெற்றோர்க்குக் கனடாவின் வின்னிபெக் நகரிற் பிறந்தவர்; பதினொரு திங்கட் குழவியாய் அந்நாட்டை நீங்கியவர். தாமே முயன்று பெற்றாலன்றி அந்நாட்டுக் குடியுரிமை தம்மை அடையாது என நம்பியிருந்தார். கனடாவின் சட்டமோ, அங்குப் பிறந்தமையாலேயே அவரைத் தன் குடியாகக் கொண்டிருந்தது. அறிந்தவுடன் பதவியைத் துறந்தார். துணைப் பிரதமராயிருந்த பார்னபி ஜாய்ஸ் ஆஸ்திரேலியாவிலேயே பிறந்தவர். தந்தையார் நியூசிலாந்திற் பிறந்தமையால் மகனும் அந்நாட்டுக் குடியானார். அவ்வாண்டு அக்டோபர் 27-ஆம் நாள், அந்நாட்டுத் தலைமை நீதிமன்றம் இவ்விருவர் உட்பட ஐவர்க்குத் தகுதியில்லை எனத் தீர்ப்பளித்தது. அறியாமையை ஒரு காரணமாக ஏற்கவில்லை. ஜாய்ஸ் அவ்வுரிமையைக் கைவிட்டு, டிசம்பரில் நிகழ்ந்த இடைத்தேர்தலில் வென்று மீண்டார். சட்டம் எழுந்த காலத்தில் கனடாவும் நியூசிலாந்தும் ஆஸ்திரேலியர்க்கு அயலரசுகளே அல்ல. யாவரும் ஒரே முடியின்கீழ் வாழ்ந்தவர்.

சொற்போரில் இவற்றையெல்லாம் மறைத்தே பேசினோம், பரிசும் பெற்றோம்.

கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் நீலகிரிக்குச் சென்று, பரிசு நூலைப் பாட்டியாரிடம் காட்டி, வாட்டர்ஸ் அம்மையாரின் செய்தியையும் கூறினோம். பாட்டியார் இலங்கையில் அட்டனை அடுத்த தேயிலைத் தோட்டத்திற் பிறந்தவர். 1948-இல் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தால் அங்கு உழைத்த தோட்டத் தமிழருட் பெரும்பாலார் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1964-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இந்தியக் குடியாகித் தலைமன்னாரிற் கப்பலேறியபோது பாட்டியார்க்கு வயது இருபத்து நான்கு.

"ஒரு பிள்ளையை ரெண்டு நாடு தன் பிள்ளைன்னு சொல்லிச்சா?" என்று வியந்தார்.

"ஆமாம் பாட்டி. அதனாலேதான் பதவி போயிற்று."

"எங்களை இருபத்து நாலு வருஷம் ஒரு நாடும் கேக்கலையே, ராசா" என்று சொல்லிவிட்டு, உலை கொதிக்கின்றதெனச் சமையற்கட்டிற்குப் போய்விட்டார்.

அயல்நாட்டிற்கு உறுதிமொழி கூறித் தாமே அதன் குடியானவரை விலக்குதல் தகும் என்றே இன்றும் கருதுகின்றோம். பிறப்பினால் தாமறியாது வந்த உரிமையுடையார்க்கோ, தேர்தலில் வென்றபின் சில திங்கள் தவணை தந்து அதனை விடச்செய்தல் போதும். அன்று அவையில் இதனைச் சொல்லியிருந்தால் தோற்றிருப்போம். எதிர்ப்பக்கம் பேசிய நண்பரிடம் மறைத்ததை ஒப்புக்கொண்ட பின்னரே இதனை எழுதலானோம்.