பூச்சியம் எண்டு எழுதின கிணறு

"ஒண்டும் இல்லையே, பிறகென்னத்தைப் பிள்ளை எழுதுறாய்?"

முருங்கனில் ஒரு அம்மா தன் கிணற்றடியில் நின்று கேட்டா. இறுதியாண்டு ஆய்வுக்காக நுளம்புக் குடம்பி எண்ணித் திரிந்த காலம் அது.

"பூச்சியம் எண்டு எழுதுறன் அம்மா."

அவ சிரிச்சா. எனக்கும் அப்ப அது பகிடிதான்.

2012 ஒக்டோபரோடு இலங்கையில் உள்ளூர் மலேரியா நின்றது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் தந்தது. அந்த வருசக் கடைசியிலேயே, இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் 'அனோபிலிஸ் ஸ்டெபென்சி' நுளம்பு மன்னார்த் தீவில் பிடிபட்டது. அது கிணற்றிலும் வளரும். அதனால்தான் நான் கிணறு கிணறாகப் போனேன்.

தரவை முதலில் சாதாரண நேர்கோட்டு றிக்றெசனில் போட்டேன். ஒரு கிணற்றில் மைனஸ் மூன்று குடம்பி எண்டு விடை வந்தது! எண்ணிக்கைக்கு ஏற்றது பொய்சோன் மாதிரி. ஆனால் அது சராசரியும் மாறற்றிறனும் சமம் எண்டு எடுத்துக்கொள்ளும். பத்துக் கிணறு எண்டு வைப்பம்: எட்டில் பூச்சியம், ஒன்றில் 1, இன்னொன்றில் 39. சராசரி 4, மாறற்றிறனோ 151. சராசரி 4 எண்டால், பொய்சோன் கணக்குப்படி நூறு கிணற்றில் ஏறத்தாழ இரண்டில்தான் பூச்சியம் வரவேணும். நமக்கோ பத்தில் எட்டு.

ஆகவே கேள்வியை இரண்டாகப் பிரிக்கலாம். குடம்பி இருக்கா, இல்லையா? அது வகை, லொஜிஸ்டிக் றிக்றெசன் பார்க்கும். இருந்தால் எத்தனை? அது எண்ணிக்கை, பூச்சியத்தை விட்டுவிட்டு மறை ஈருறுப்புப் பரம்பலால் பார்க்கலாம். மூடி போட்ட கிணறா, கப்பி மீன் விட்டதா, பாவிக்காமல் கிடக்கிறதா என்பவற்றை இரண்டு கேள்விக்கும் தனித்தனியே பொருத்தலாம்.

அங்கேதான் நான் மாட்டினேன். வெயிலுக்குக் களைச்சுப்போய் ஐந்து கிணறுகளை எட்டியும் பார்க்காமல் பூச்சியம் போட்டிருந்தேன். நல்ல தண்ணிக்கும் என்ர சோம்பலுக்கும் ஒரே இலக்கம். எந்த மாதிரிக்கும் அந்த வித்தியாசம் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்த கிழமை சைக்கிளில் திரும்பிப் போனேன். நாலு கிணற்றில் உண்மையிலேயே ஒண்டுமில்லை. தேதியை மாற்றிப் பூச்சியம் எழுதினேன். ஐந்தாவது வீடு பூட்டிக் கிடந்தது.

அந்த இடத்தை வெறுமையாகவே விட்டிட்டு வந்தேன்.