பால்குடி மறக்கும் காலம்

தமிழில் ‘சவலை’ என்றொரு பழஞ்சொல் உண்டு. தாய் மறுபடியும் கருவுற்றதாலோ வேறு காரணத்தாலோ, தாய்ப்பால் உரிய காலத்துக்கு முன்னே நின்றுபோக, அதனால் மெலிந்து ஏங்கும் பிள்ளையைச் ‘சவலைப் பிள்ளை’ என்றனர் நம் முன்னோர். இலக்கண ஆசிரியர்கள் இச்சொல்லைச் செய்யுளுக்கும் எடுத்துக்கொண்டனர். இரண்டாம் அடியில் தனிச்சொல் இன்றிக் குறைந்து நிற்கும் வெண்பாவுக்குச் ‘சவலை வெண்பா’ என்று பெயரிட்டனர். பாலை இடையில் நிறுத்தினால் பிள்ளை வாடும் என்பது நம் பாட்டிமார்க்குப் பாடமாகவே தெரிந்திருந்தது.

கடல் கடந்த நாட்டுத் தாய்மார்க்கும் இது தெரிந்திருந்தது. இன்று கானா என வழங்கும் மேற்கு ஆப்பிரிக்க நாட்டில் 1930-களின் தொடக்கத்தில் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர் பணியாற்றினார். கால் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மாறிய சிறு பிள்ளைகள் அவரிடம் வந்தவண்ணம் இருந்தனர். மருத்துவ நூல்களில் இந்நோய்க்குத் தெளிவான விடை இல்லை. அவர் தாய்மாரையே கேட்டார். அவர்கள் ‘குவாஷியோர்கர்’ என்றனர். அடுத்த பிள்ளை பிறக்கும்போது முன் பிள்ளைக்கு வரும் நோய் என்பது அவர்கள் மொழியில் அதற்குப் பொருள். தாய்ப்பாலை இழந்த பிள்ளைக்கு அதன் இடத்தில் சத்துள்ள உணவு கிடைக்காமையே காரணம் என்று அவர் கண்டார். 1933-இல் அந்நோயை விவரித்து எழுதி, 1935-இல் அத்தாய்மாரின் சொல்லையே மருத்துவ உலகுக்கு அறிமுகம் செய்தார். பின்னர் 1939-இல் சிங்கப்பூரில், தாய்ப்பாலுக்கு மாற்றாக டின் பாலை விற்ற விளம்பரங்களைக் கண்டித்து, ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பிலேயே உரையாற்றினார்.

இப்பெருமாட்டியின் அறிவைவிட நம்மைக் கவர்வது அவருடைய செவி. தாய் சொல்வதைக் கேட்ட மருத்துவர் அவர். அத்தகைய செவியுள்ள மருத்துவரைத் தேடுவது இன்றும் எளிதன்று என்பதை நாம் அந்தியூரில் கண்டோம்.

பர்கூர் மலையடிவாரத்தில் உள்ள ஊர் அந்தியூர். வெற்றிலைக்கும் மாட்டுச் சந்தைக்கும் பேர்பெற்றது. ஆடி மாதத்தில் குருநாதசாமி கோயில் விழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தையைக் காண வெளிமாநிலத்தாரும் வருவர். நம் பங்கு மக்களில் பலர் விசைத்தறியிலும் செங்கற் சூளையிலும் தோட்டத்திலும் உழைப்பவர்கள். அவர்களுள் ஓர் இளந்தாய், பதினான்கு மாத ஆண் குழந்தையைத் தோளில் சாய்த்தவாறு ஒருநாள் மாலையில் நம்மிடம் வந்தார்.

“சாமி, ஒரு வருஷம் ஆயிட்டா தாய்ப்பால்ல சத்தே இல்லைங்களாமா?” என்று கேட்டார்.

“யாரம்மா சொன்னார்கள்?”

“டாக்டருங்க. எடை கம்மியா இருக்குது, இன்னைக்கே பாலை நிறுத்துன்னுட்டாருங்க. டின் ஒண்ணு எழுதிக் குடுத்தாரு. ரெண்டு நாள் கூலி அதுக்கே போயிருமுங்க. மாமியாரு வேப்பிலையை அரைச்சு வெச்சிருக்கறாங்க. எனக்குத்தான் மனசே வரலைங்க, சாமி.”

வயிற்றுப்போக்கில் சோர்ந்திருந்த பிள்ளை, தாய்ப்பாலைத் தவிர வேறெதையும் இரண்டு நாளாய்த் தொடவில்லையாம். அந்த ஒன்றையும் மறக்கடிக்கத்தான் வேப்பிலை காத்திருந்தது. குருமடத்தில் இறையியல் கற்ற நாம் மருத்துவம் கற்றவரல்லர். ஆகவே ‘கொடு’ என்றோ ‘நிறுத்து’ என்றோ நாம் சொல்வதற்கில்லை. ஆனால், கேள்வியோடு வந்தவரைக் கேள்வியோடு திருப்பி அனுப்புவது மேய்ப்புப் பணியாகாது. மறுநாள் காலையில் அவரை, அப்பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் அனுப்பினோம். அந்த அம்மையார் வாழைப்பழமும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் தந்து, “பாலை மட்டும் நிறுத்திடாதே கண்ணு” என்று சொல்லி, ஓர் அரசுக் குழந்தை நல மருத்துவரிடம் வழிகாட்டினார்.

அம்மருத்துவர் முதலில் கேட்டது, “பையன் ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுகிறான்?” என்பதே. தாய் சொல்லச் சொல்ல, உண்மை வெளிவந்தது. நாள் முழுதும் பால். இடையில் இரண்டு வாய் ரசஞ்சோறு, ஒரு பிஸ்கட்டு. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தார், சோகை இருந்தது. “உன் பாலில் குறையில்லை அம்மா. அதோடு சேர வேண்டிய சோற்றில்தான் குறை” என்றார். வேகவைத்து மசித்த பருப்பு, கீரை, முட்டை, நெய்யிட்ட ராகி ஆகியவற்றைக் கரண்டியைச் சாய்த்தாலும் ஒழுகாத கெட்டிப் பதத்தில் ஊட்டச் சொன்னார். பகலில் முதலில் சோறு, பிறகு பால் என்று வரிசை வகுத்தார். இரும்புச்சத்து மருந்து எழுதினார். கூட வந்திருந்த மாமியாரையும் அமரவைத்து, அவரிடமும் இதே விளக்கத்தைப் பொறுமையாகச் சொன்னார். சில மாதங்களில் பிள்ளையின் எடை ஏறத் தொடங்கியது. இரண்டு வயது கடந்தபின் அவன் தானாகவே பால்குடி மறந்தான். வேப்பிலை தேவைப்படவில்லை.

முதல் மருத்துவர் தீயவர் என்று நாம் கருதவில்லை. எடை குறைவு என்று அவர் கண்டதும் உண்மையே. வாசலில் அறுபது பிள்ளைகள் காத்திருக்க, ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம் ஒதுக்கும் மருத்துவருக்கு, ‘நிறுத்து’ என்பது சுருக்கமான விடையாகத் தோன்றலாம். ஆயினும் அவ்விடை சரியானதன்று. அதைச் சொல்லும் துணிவு தாய்மார்க்கு வரவேண்டுமானால், சில செய்திகளை அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அதன்பின் இணை உணவோடு இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பதே உலக நலவாழ்வு நிறுவனமும் யுனிசெஃபும் தரும் அறிவுரை. ஒரு வயது நிறைந்த அன்று பால் தண்ணீராக மாறிவிடுவதில்லை. ஒன்று முதல் இரண்டு வயதுவரை பிள்ளைக்கு வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாய்ப்பால் தரவல்லது என்று அந்நிறுவனம் கூறுகிறது. நோயுற்ற பிள்ளை சோற்றை மறுக்கும் வேளையில் நீரும் சத்தும் நோய் எதிர்ப்பும் ஒருசேரத் தருவதும் அதுவே. ஒரு வயதுக்குப் பின் பால்மாவுக்கு அவசியம் இல்லை என்று 2023-ஆம் ஆண்டு வழிகாட்டியில் அந்நிறுவனம் தெளிவாக்கியிருக்கிறது. தாய்க்கும் நன்மை உண்டு. ஒரு பெண் தன் வாழ்நாளில் பாலூட்டும் ஒவ்வோர் பன்னிரண்டு மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் அபாயம் ஏறத்தாழ 4.3 விழுக்காடு குறைகிறது என்று, பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் வெளியான கட்டுரை காட்டியது.

நம் நாட்டு மருத்துவர்களும் இதற்கு மாறுபட்டவர் அல்லர். 1963-இல் தோன்றிய இந்தியக் குழந்தை மருத்துவக் கழகத்தின் வழிகாட்டுதலும் இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் என்பதே. ஆகவே, ஓராண்டுக்குப் பின்னும் பாலூட்ட விரும்பும் தாய் மருத்துவரிடம் சலுகை கேட்கவில்லை. அவருடைய கழகமே சொன்னதைத்தான் கேட்கிறார். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் முன்னர் ஓராண்டும் விருப்பம்போல் அதற்கு மேலும் என்று சொல்லிவந்தது. 2022-இல்தான் இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் என்று தன் கொள்கையை விரிவாக்கியது. ஓராண்டைக் கடந்து பாலூட்டும் தாய்மார் அங்கே ஏளனத்துக்கு ஆளாவதையும், அவர்களுக்கு மருத்துவர்களின் துணை வேண்டும் என்பதையும் அது எடுத்துரைத்தது. நம் பாட்டிமார் இயல்பாய்ச் செய்ததை வெட்கத்துக்குரியதாக நாம் இரவல் வாங்கிக்கொள்ளும் நேரத்தில், வெட்கத்தை ஏற்றுமதி செய்தவர்களே திரும்பி வருகிறார்கள்!

அந்தியூர்ச் சந்தையில் மாடு பிடிக்கும் உழவர், பல்லைப் பார்ப்பார், குளம்பைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். மாட்டுக்கே இத்தனை ஆய்வு என்றால், பிள்ளைக்கு மருத்துவரைத் தெரிந்துகொள்ளும்போது எவ்வளவு வேண்டும்! அவருடைய அறைச் சுவரையும் மேசையையும் முதலில் பாருங்கள். பால்மாவு நிறுவனத்தின் படமோ நாட்காட்டியோ அங்கே இருக்கலாகாது. 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003-ஆம் ஆண்டுத் திருத்தமும், இரண்டு வயதுவரையிலான பிள்ளைகளுக்குரிய பால்மாவு, புட்டி ஆகியவற்றின் விளம்பரத்தைத் தடை செய்கின்றன. அந்நிறுவனங்களிடம் மருத்துவப் பணியாளர் பரிசு பெறுவதையும் தடுக்கின்றன. அடுத்து, “இரண்டு வயதுவரை கொடுக்கலாமா, டாக்டர்?” என்று தடுப்பூசிக்குச் செல்லும் நாளிலேயே கேட்டுவிடுங்கள். நோய் வந்த நாளில் கேட்டால் அச்சம் நம் வாயை அடைத்துவிடும். ‘நிறுத்து’ என்று சொன்னால், எந்த நோயால், எந்த மருந்தால், எத்தனை நாளுக்கு என்று பணிவோடு கேளுங்கள். புற்றுநோய் மருந்துகள் போன்ற சிலவற்றுக்கு நிறுத்தத்தான் வேண்டும். வழக்கமான மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியதில்லை. நல்ல மருத்துவர் இக்கேள்விக்குச் சினங்கொள்ளமாட்டார். பிள்ளையின் சோற்றைப் பற்றியும் அவர் கேட்கிறாரா என்று பாருங்கள். ‘பால் போதும்’ என்று மட்டும் சொல்லி, ஒரு வயதுப் பிள்ளையின் உணவை விசாரிக்காதவரும் முழுத் துணை ஆகமாட்டார்.

இந்தத் தேடலைத் தாய் ஒருத்தியின் தலையில் சுமத்திவிட்டு மற்றவர்கள் விலகி நிற்பது முறையன்று. பேறுகாலப் பயன் சட்டம் 1961-ஆம் ஆண்டிலேயே, பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் பாலூட்ட இரண்டு இடைவேளைகளை அளித்தது. ஆனால் தறிக்கூடத்துப் பெண்ணுக்கும் சூளைப் பெண்ணுக்கும் அத்தகைய சட்டத்தின் நிழல் எங்கே விழுகிறது? நம்மில் தறி வைத்திருப்போர், பத்து நிமிடம் அமர்ந்து பாலூட்ட ஒரு மறைவிடம் தந்தால் நட்டப்பட்டுப் போகமாட்டார்கள். 2015-இல் தமிழகத்துப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. பேருந்து நிலையத்தில் கிடைக்கும் ஆறுதல் ஆலயத்தில் கிடைக்கவேண்டாமா? 2014 சனவரியில், சிஸ்டைன் சிற்றாலயத்தில் திருமுழுக்கு நிறைவேற்றிய திருத்தந்தை பிரான்சிஸ், பசித்து அழும் பிள்ளைகளுக்கு அங்கேயே பாலூட்டத் தயங்க வேண்டாம் என்று தாய்மாரிடம் சொன்னார். அதற்கு முன்னர் 1995 மே மாதத்தில், திருப்பீட அறிவியல் கழகத்தில் தாய்ப்பால் குறித்துக் கூடிய அறிஞர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், தாய்மார்க்கு நேரமும் செய்தியும் துணையும் வேண்டும் என்றார். மருத்துவர் செய்தியைத் தரலாம். நேரத்தையும் துணையையும் கணவரும் மாமியாரும் முதலாளியும் பங்குச் சமூகமும் அல்லவா தரவேண்டும்!

பாலூட்ட இயலாத தாய்மாரும், வேலையாலோ நோயாலோ முன்னரே நிறுத்த நேர்ந்த தாய்மாரும் நம்மிடையே உண்டு. அவர்கள் அன்பில் குறைந்தவர் அல்லர். இக்கட்டுரையை எடுத்துக்கொண்டு யாரையும் குற்றஞ்சாட்டச் செல்லவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். கொடுக்க விரும்பும் தாயைத் தடுக்காதிருப்பதே நாம் வேண்டுவது.

மறைநூலில் இதற்கு ஓர் அரிய சான்று உண்டு. மக்கபேயர் இரண்டாம் நூல் ஏழாம் அதிகாரத்தில், ஆறு மைந்தரைக் கொலைக்களத்தில் இழந்த தாய், எஞ்சிய கடைசி மகனிடம் குனிந்து தாய்மொழியில் பேசுகிறார். அஞ்சாதே என்று சொல்லுமுன் அவர் நினைவூட்டுவது எதை? ஒன்பது மாதம் சுமந்ததையும் மூன்று ஆண்டு பாலூட்டியதையும். அன்னாவும் சாமுவேல் பால்குடி மறந்த பின்னரே அவனைச் சீலோவுக்கு அழைத்துச் சென்றார். அதுவரை ஆண்டுப் பலிக்குக்கூடச் செல்லாமல் இல்லத்தில் தங்கினார். அவர் கணவர் எல்கானா அதைத் தடுக்கவில்லை. உனக்கு நல்லதெனப் படுவதைச் செய் என்ற பொருள்படவே பேசினார். இன்றைய கணவர்மார் அந்த மனிதரிடம் கற்கத்தக்கது இது.

நம் ஊர்களில் சவலைப் பிள்ளை இனி ஒன்றும் இல்லாதிருக்கட்டும். அச்சொல் இலக்கண நூலில் வெண்பாவுக்கு மட்டும் வழங்கட்டும்.