இண்டியானாவுக்குத் திரும்பாதவர்

1950-இல் ஜான் வுடனுக்கு ஊர் திரும்ப ஒரு வாய்ப்பு வந்தது. அவர் படித்து, ஆடிப் பெயர் வாங்கிய பர்டியூ பல்கலைக்கழகமே பயிற்சியாளராக வரச் சொல்லிக் கூப்பிட்டது. லாஸ் ஏஞ்சலிஸில் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்கு அவர் வந்து அப்போது இரண்டு ஆண்டுதான். அந்தப் பெருநகரம் அவருக்கும் ஒட்டவில்லை, மனைவி நெல்லிக்கும் ஒட்டவில்லை. கிளம்பிவிடத்தான் நினைத்தார். ஆனால் சேரும்போது மூன்றாண்டு ஒப்பந்தம் வேண்டுமென்று பிடிவாதமாகக் கேட்டு வாங்கியவர் அவரேதான். நிர்வாகம் அதை நினைவூட்டியதும் வாய் பேசாமல் தங்கிவிட்டார்.

வுடனைப் பற்றி எழுதுகிறவர்கள் அவருடைய 10 தேசியக் கோப்பைகளிலிருந்து தொடங்குவார்கள். எனக்கோ இந்த 1950-ஐத் தாண்டிப் போகவே மனம் வருவதில்லை. ஊருக்குப் போயிருந்தால் அந்தக் கோப்பைகள் வந்திருக்குமோ என்னவோ. ஆனால் அவர் மனம் விரும்பிய வாழ்க்கை அங்கேதான் இருந்தது.

இண்டியானாவில் மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாத ஒரு பண்ணைவீட்டில் வளர்ந்தவர். தக்காளிக் கூடையின் அடியைத் தட்டிவிட்டு, வைக்கோல் கொட்டகைச் சுவரில் அப்பா ஆணியடித்துக் கொடுத்தார். பழைய காலுறைக்குள் கந்தலைத் திணித்து அம்மா தைத்துக் கொடுத்ததுதான் பந்து. இரவில் விளக்கு வெளிச்சத்தில் அப்பா பைபிளும் கவிதையும் வாசிப்பார். ஒரு சமயம் தடுப்பு மருந்து சரியில்லாமல் பன்றிகளெல்லாம் செத்தன. அடமானத்தில் நிலம் கைவிட்டுப் போனது. அப்பா யாரையும் குறை சொல்லவில்லை என்பதைக் கடைசிவரை வியந்து சொல்லிக்கொண்டிருந்தார் மகன்.

குடும்பம் பக்கத்திலிருந்த மார்ட்டின்ஸ்வில்லுக்குக் குடிபோனது. அந்தச் சிற்றூரின் பள்ளி அரங்கில் ஊர் ஜனத்தைவிட அதிகமான இருக்கைகள் இருந்தன. கூடைப்பந்தென்றால் இண்டியானாவுக்கு அப்படி ஒரு பித்து. 1927-இல் வுடன் ஆடிய அந்தப் பள்ளி அணி மாநிலக் கோப்பையை வென்றது. பள்ளி இசைக்குழுவில் கார்னெட் வாசித்தவள் நெல்லி ரைலி. ஆட்டம் தொடங்குமுன் வுடன் அவள் பக்கம் திரும்பி, கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வளையமாக்கிக் காட்டுவார். அவளும் பதிலுக்குக் காட்டுவாள். பிறகு பயிற்சியாளராகி, தலை நரைத்து, இறுதிப் போட்டிகளில் உட்கார்ந்திருந்த காலத்திலும் இருக்கையில் நெல்லியைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் அவருக்கு ஆட்டம் தொடங்கும்.

பர்டியூவில் அவரை ‘இண்டியானா ரப்பர் மனிதன்’ என்பார்கள். பந்துக்காகத் தரையில் விழுந்த வேகத்திலேயே துள்ளி எழுந்துவிடுவார். 1932-இல் ஆங்கில இலக்கியப் பட்டத்தோடு வெளியே வந்தார். கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்திருந்த 909 டாலரும் வங்கி மூடியதில் போயிற்று. ஆனாலும் கல்யாணம் நடந்தது. கென்டக்கியிலும் பிறகு சவுத் பெண்டிலும் பள்ளியில் ஆங்கிலம் நடத்தினார், கூடவே பயிற்சியும் கொடுத்தார்.

1948-இலும் பயிற்சியாளராக அவர் போக விரும்பிய இடம் மினசோட்டா பல்கலைக்கழகம்தான். பேசி வைத்திருந்த நேரத்துக்கு அழைப்பு வரவில்லை. பனிப்புயலில் தொலைபேசிக் கம்பிகள் அறுந்து கிடந்தன. அவர்களுக்கு விருப்பமில்லை என்று எண்ணி யு.சி.எல்.ஏ.வுக்குச் சரி சொல்லிவிட்டார். மினசோட்டாவின் அழைப்பு அதற்குப் பிறகே வந்தது.

போன இடத்தில் சொந்தமாக ஒரு நல்ல அரங்குகூட இல்லை. மூன்றாவது மாடியில், மல்யுத்தக்காரர்களும் ஜிம்னாஸ்டிக்ஸ் மாணவர்களும் பயிற்சி செய்யும் அதே கூடம். பயிற்சிக்கு முன் வுடன் வாளியில் தண்ணீர் எடுத்து, கோழிக்குத் தீனி இறைப்பதுபோலத் தெளித்துக்கொண்டே போவார். மாணவர்கள் பின்னாலேயே துடைத்துக்கொண்டு வருவார்கள். பருவத்தின் முதல் நாள் பாடம் காலுறை போடுவது. குதிகாலிலும் சுண்டுவிரலிலும் சுருக்கமில்லாமல் இழுத்துவிட வேண்டும்; சுருக்கம் இருந்தால் கொப்புளம், கொப்புளம் வந்தால் ஆட்டம் இல்லை. ஷூ நாடாவை ஒவ்வொரு துளையாக இறுக்கச் சொல்வார். அப்துல்-ஜப்பார், வால்ட்டன் போன்ற மலைமலையான ஆட்டக்காரர்களும் உட்கார்ந்து அதைக் கற்றார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் இப்படி ஒரு வாத்தியார் வாய்க்கவில்லையே என்று மனம் அடித்துக்கொள்ளும்.

முதல் தேசியக் கோப்பை 1964-இல் வந்தது, அவருடைய 16-வது பருவத்தில். இன்று எந்தக் கல்லூரி அவ்வளவு காலம் பொறுக்கும்? மாணவர்களே ஆண்டுக்கொரு கல்லூரி மாறுகிறார்கள். காலுறைப் பாடம் மனதில் ஊறுமுன் பை கட்டிவிடுகிறார்கள். அவர்களுக்கு இப்போது பணமும் உரிமையும் கிடைத்திருப்பது நியாயம்தான். ஆனாலும் ஒரே கூடத்தில் ஒரே வாத்தியாரிடம் நான்கு ஆண்டு கிடந்து பழகிய அந்த உறவை நான் இழப்பாகத்தான் உணர்கிறேன்.

1964-க்குப் பின் நடந்தது ஊரறிந்த கதை: 12 ஆண்டுகளில் 10 கோப்பைகள், தொடர்ந்து 88 வெற்றிகள், 1975-இல் ஓய்வு.

நெல்லி 1985 மார்ச் 21-இல் காலமானார். அதன்பின் மாதந்தோறும் 21-ஆம் தேதி வுடன் அவருக்கு ஒரு கடிதம் எழுதி, கட்டிலில் அவர் பக்கத்துத் தலையணையில் வைத்தார். வருடந்தவறாமல் இருவரும் சேர்ந்து போய்வந்த பயிற்சியாளர்கள் மாநாட்டுப் பக்கம் பல ஆண்டுகள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 2003-இல் பல்கலைக்கழகத்தின் பாலி அரங்க ஆடுதளத்துக்கு அவர் பெயரைச் சூட்ட முன்வந்தபோது, நெல்லியின் பெயர் முதலில் வர வேண்டும் என்றார். அப்படியே எழுதினார்கள்.