மலையில் வைத்த வானொலி

வானொலிப் பெட்டியில் நாம் கேட்க மட்டுமே இயலும். கேட்கவும் மறுமொழி கூறவும் வல்லோர் உளர். அவர்தம் கலைக்கு அமெச்சூர் வானொலி என்று பெயர். ‘ஹாம்’ என்றும் வழங்குவர். அரசுத் தேர்வில் தேறி உரிமம் பெற்றவர்க்கு ஓர் அழைப்புக் குறி அளிக்கப்படும். இந்தியரின் குறிகள் பெரும்பாலும் ‘வி.யு.’ எனத் தொடங்கும். ஜோர்தான் நாட்டை ஆண்டு 1999-இல் மறைந்த மன்னர் ஹுசைன் அவர்களும் இக்கலையில் ஈடுபட்டவரே. அவர்தம் குறி ‘ஜே.ஒய்.1’.

இவர்களுள் ஒரு சாரார் கருவியைத் தோளில் சுமந்து, மின்சாரம் எட்டாத மலைக்கும் தீவுக்கும் சென்று அங்கிருந்து பேசுகின்றனர். இது புதிய வழக்கமன்று. 1901 டிசம்பரில் மார்க்கோனி, நியூபவுண்ட்லாந்துக் குன்றொன்றில் பட்டம் பறக்கவிட்டு, அது தூக்கிய கம்பியின் வழியே அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து வந்த மூன்று புள்ளி ஒலிகளைக் கேட்டதாக அறிவித்தார்.

சென்ற ஆண்டு நம் மஹல்லாவைச் சேர்ந்த அன்பர் ஒருவர் நம்மிடம் வந்தார். தம் 16 வயது மகள் தாய்மாமனிடம் இக்கலையைக் கற்று வருவதாகவும், தேர்வெழுத அனுமதி வேண்டுவதாகவும் கூறினார். “முன்பின் அறியாதவர்களோடு பேசுகிற காரியமல்லவா, ஹஸ்ரத்? நான் சம்மதிக்கலாமா?” என்றார். கண்ணால் காணாத ஒன்றைப் பற்றித் தீர்ப்புக் கூறுதல் ஆசிரியர்க்கு அழகன்று. எனவே அந்த மாமன் கொல்லிமலைக்குக் கருவியோடு புறப்பட்டபோது, தந்தையும் மகளும் நாமும் உடன் சென்றோம்.

70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, தெரிந்தவர் ஒருவரின் மிளகுத் தோட்டத்தில் கூடாரம் அடித்தோம். அங்கே மின்கம்பமும் இல்லை. கைப்பேசிக்கு அலையும் இல்லை. மாமன் கொணர்ந்தவை சிலவே: கையகலக் கருவி ஒன்று, 12 வோல்ட் பேட்டரி, அதற்கு மின்னூட்டம் தரும் சூரியத் தகடு, ஒரு சுருள் கம்பி. 7 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 40 மீட்டர். கம்பி அதில் பாதி. அதை நடுவில் துண்டித்துக் கருவிக்குச் செல்லும் வடத்தை அவ்விடத்தில் இணைத்தார். நூல் கட்டிய கல்லை மரக்கிளைமேல் எறிந்து அதனை உயர்த்தினார். இரு முனைகளும் கூடாரக் கயிறுபோல் இருபுறமும் சரிந்தன. கம்பி நீண்டால் ஒத்திசையும் அதிர்வெண் குறையும், சுருங்கினால் கூடும். மகள் அளவுமானியைப் பார்த்துக்கொண்டே முனைகளைச் சிறிது சிறிதாக மடக்கினாள்.

“கைப்பேசிக்கு எட்டாதது இதற்கு மட்டும் எப்படி எட்டும்?” என்று தந்தை வினவினார்.

“கைப்பேசி அலை கோபுரம்வரை நேராகப் போகவேண்டும், வாப்பா. மலை மறித்தால் நின்றுவிடும். இந்த அலை மேலே போகிறது. அங்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் வெயிலால் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கு இருக்கிறது. அது அலையை வளைத்துக் கீழே அனுப்பிவிடும். மலைக்கு அந்தப் பக்கமும் இறங்கும், கடலுக்கு அந்தப் பக்கமும் இறங்கும்” என்றாள் மகள். மதரஸாவில் நம்மிடம் ஓதிய பிள்ளை இவ்வளவு தெளிவாக விளக்கியது கேட்டு உள்ளம் குளிர்ந்தோம்.

மக்ரிப் தொழுகைக்குப் பின் மாமன் கருவியை இயக்கினார். பகலில் அலையை உறிஞ்சும் கீழடுக்கு கதிரவன் மறைந்ததும் கரைந்துவிடும். அப்போது தொலைவிலுள்ளவை கேட்கத் தொடங்கும். அவர் பயன்படுத்திய திறன் 5 வாட். ஓர் இரவு விளக்கின் அளவு. அத்துணைச் சிறிய திறனில் பேச்சு இரைச்சலில் மூழ்கிவிடும். மோர்ஸ் ஒலியோ அதனை ஊடுருவும். கேட்போர் எவராயினும் வருக என்னும் பொருளுடைய ‘சி.க்யூ.’ அழைப்பை அரைமணி நேரம் அனுப்பியும் மறுமொழி இல்லை. பின்னர் மெல்லியதோர் ஒலி எழுந்தது. பினாங்கிலிருந்து ஒருவர் விடையளித்தார்!

அன்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய பாட்டனார் பினாங்கில் வணிகம் செய்தவர். அவர் நலம் அறியக் கப்பல் கடிதத்துக்காக வீட்டார் வாரக்கணக்கில் காத்திருந்த கதையைத் தம் உம்மா சொல்லக் கேட்டு வளர்ந்தவர் அன்பர்.

உரிமம் இல்லாதவள் ஆதலின் மகள் கருவியைத் தொடவில்லை. செவியால் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதினாள். இருவர் குறிகள், ஒலியின் தரம், ஊர்ப்பெயர், நல்வாழ்த்தைக் குறிக்கும் ‘73’ என்னும் எண். அவ்வளவே உரையாடல். கேட்பவர்க்குக் கருத்து நிறைவாக விளங்குவதே ‘கலாம்’ என்பது அரபு இலக்கணத்தார் வகுத்த வரையறை. அவ்விரவில் வந்த சொற்கள் அவ்வரையறைக்கு முற்றும் பொருந்தின.

அன்பரின் வினாவுக்கு விடையும் அங்கேயே கிடைத்தது. இவ்வானொலியில் மறைத்துப் பேசுதல் கூடாது; தன் குறியைச் சொல்லாமல் பேசுதலும் கூடாது; ஊதியம் பெறுதலும் கூடாது. பேசுவதை உலகில் எவரும் கேட்கலாம். தந்தையும் பக்கத்திலிருந்து கேட்கலாம். கதவடைத்த அறையில் கைப்பேசியோடு இருப்பதைக் காட்டிலும் இது அவை நடுவே பேசுவதற்கு ஒப்பாகும் என்றோம்.

மற்றொன்றும் கூறினோம். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்னும் பெண்மணியின் தலைமையில் ஒரு குழுவினர், இதே ஆர்வத்தின் பொருட்டு அந்தமானின் போர்ட் பிளேயருக்குக் கருவிகளோடு சென்றிருந்தனர். 26-ஆம் நாள் காலை நிலம் நடுங்கிற்று, ஆழிப்பேரலை எழுந்தது. தொலைபேசித் தொடர்புகள் அற்ற அந்நாட்களில், பொழுதுபோக்குக்காக நாட்டிய அந்நிலையமே தீவுக்கும் தாய்நிலத்துக்கும் இடையே செய்தி சுமந்தது. உற்றார் உயிரோடுள்ளனரா என்று ஏங்கிய குடும்பங்களுக்கு அவ்வானொலி வழியே விடை சென்றது. முன்னரே கம்பி கட்டவும் செவி கூர்ந்து கேட்கவும் பழகியிராவிடில் அன்று அவர்களால் என்ன செய்திருக்க இயலும்?

அன்பர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் மகளை நோக்கி, “தேர்வு எப்போது?” என்று மட்டும் கேட்டார்.

பிள்ளைகள் புதியதொரு கலையை நாடும்போது, ஆம் என்பதற்கு முன்னும் வேண்டாம் என்பதற்கு முன்னும் பெற்றோர் ஒருநாள் அவர்களோடு உடனிருந்து பார்த்தல் நலம். மலையேற இயலாதவர் வீட்டு மாடிவரையேனும் ஏறலாம். கட்டுவதற்கு 20 மீட்டர் கம்பி போதும்.