லேபிள் உரிந்த தகடு

கிள்ளானில் ஒரு பட்டறையில் கணுக்கால் பிரேஸ் செய்வது என் தொழில். பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா விழுந்து மணிக்கட்டு முறிந்ததற்கு நான்தான் காரணம். பழியை அவர்மேலேயே போட்டதும் நான்தான்.

பக்கவாதத்தில் அவருக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. பாதம் தூக்க வராது. வெள்ளை பாலிப்ரொப்பிலீன் தகட்டை ஓவனில் இளக்கி, பிளாஸ்டர் அச்சின்மேல் போர்த்தி பிரேஸ் செய்வோம். தகட்டில் இரண்டு வகை. ஹோமோபாலிமர் விறைப்பானது. எத்திலீன் கலந்த கோபாலிமர் வளைந்து கொடுக்கும். நடக்க நடக்க மடங்கும் பிரேஸுக்குக் கோபாலிமர்தான் வேண்டும். மற்றதில் விளிம்பில் கீறல் இருந்தால், அங்கிருந்தே விரியும்.

அவருக்குப் பிரேஸ் செய்த அன்று புதுத் தகடு தீர்ந்திருந்தது. மூலையில் ஒரு மிச்சத் துண்டு. வகை அச்சடித்த மேலுறை எப்போதோ உரிந்துபோயிருந்தது. நகத்தால் சுரண்டினேன். விரலால் சுண்டினேன். "கோபாலிமர்தான்" என்று உதவிக்கு இருந்த பையனிடம் சொன்னேன். எனக்குத் தெரியவில்லை. அதை அவன் முன்னால் சொல்ல வாய் வரவில்லை.

கேட்க ஆள் இருந்தார். ஆய்வுக்கூடத்தில் அகச்சிவப்பு நிறமாலைமானி இயக்கும் நண்பர். நகத்துண்டு அளவு சீவல் போதும். வைரப் படிகத்தின்மேல் வைத்து அழுத்தினால் சில நிமிடத்தில் கோடு வந்துவிடும். பாலிப்ரொப்பிலீன் என்றால் 1376 அலை எண் அருகே முகடு. எத்திலீன் கலந்திருந்தால் 720, 730 பக்கம் இன்னொரு சிறு முகடு. என் அனுபவத்துக்கு மெஷின் சாட்சி சொல்லணுமா என்ற திமிர் எனக்கு. அனுப்பவில்லை.

அந்த அம்மா ரயில் நிலையப் படியில் இறங்கும்போது பிரேஸ் கணுக்கால் வளைவில் உடைந்தது.

கட்டுப்போட்ட கையோடு மகளுடன் வந்தார். உடைந்த துண்டை வாங்கிப் பார்த்தேன். விரிசல் தொடங்கிய இடத்தில் என் ரம்பத்தின் தடம். விளிம்பைச் சரியாகத் தேய்க்காமல் விட்டிருக்கிறேன். அதைப் பார்த்த பிறகும், "ரொம்ப அழுத்தி மிதிச்சிட்டீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"ஆமாய்யா, அவசரத்துல கவனிக்கல. மன்னிச்சிருங்க."

புது பிரேஸுக்குப் பணமும் வாங்கிக்கொண்டேன்.

பிறகுதான் சீவலை அனுப்பினேன். அதுவும் தகடு விற்றவர்மேல் பழிபோட ஏதாவது கிடைக்குமா என்றுதான். 720 பக்கம் ஒன்றுமில்லை. ஹோமோபாலிமர். விறைப்பு வேண்டிய இடத்துக்கு நல்ல தகடு அது. தகட்டில் ஒரு குறையுமில்லை.

பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மாலை கட்டிக்கொண்டிருந்தது மகள். அம்மாவின் இடது கை நாரைப் பிடிக்க மட்டும்தான் உதவும். முடிச்சுப் போட்டதெல்லாம் வலது கை. அதுதான் முறிந்தது. மகள் வேலையை விட்டுவிட்டாள்.

நடந்ததைச் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. மகள்தான் கேட்டாள், "அம்மா மன்னிப்புக் கேட்டப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.