ரசம் போன கண்ணாடிக்கு இவ்வளவு மவுசா? காரைக்குடி பழம்பொருள் தெருவில் ஒரு ரவுண்ட்!

காரைக்குடிக்கு டூர் போகிறவர்களின் லிஸ்ட்டில் பிள்ளையார்பட்டி இருக்கும், ஆத்தங்குடி இருக்கும், செட்டிநாட்டுச் சாப்பாடு கட்டாயம் இருக்கும். அதோடு முனீஸ்வரன் கோவில் தெருவுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வாங்க வேண்டும் என்று அவசியமில்லை. சும்மா பார்த்துவிட்டு வந்தாலே போதும்.

தெருவின் பழம்பொருள் கடைகளில் பீங்கான் ஜாடி, இனாமல் தூக்கு, மரவை, கல்லாப்பெட்டி, ரவிவர்மா பிரின்ட், சாய்வு நாற்காலி என ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அத்தனைக்கும் நடுவில் நம்மைப் பிடித்து நிறுத்துவது சுவர்க்கண்ணாடிகள்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் நம் முகமே எட்டிப் பார்க்கிறது!

நான் பார்த்த ஒரு கண்ணாடி, ஆள் உயரம். தேக்குச் சட்டம். அதன் மேல்பகுதி மட்டும் சர்ச் ஜன்னல்போலக் கூர்மையாகக் குவிந்திருந்தது. இதைத்தான் கோத்திக் பாணி என்கிறார்கள். 12-ம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேவாலயங்களில் பிறந்த பாணி இது. 19-ம் நூற்றாண்டில் பிரிட்டிஷ்காரர்கள் இதைத் தூசு தட்டி எடுத்து நாற்காலி, அலமாரி, கண்ணாடி வரை கொண்டுவந்துவிட்டார்கள். சென்னை சாந்தோம் தேவாலயத்தின் ஜன்னல்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வளைவு சட்டென்று பிடிபடும். இப்போதுள்ள அந்தக் கட்டடம் 1896-ல் முடிந்தது.

சர்ச் ஜன்னலுக்கும் செட்டிநாட்டுக்கும் என்ன சம்பந்தம்? கப்பல்தான். ரங்கூன், கொழும்பு, பினாங்கு என்று வட்டித்தொழில் செய்யப்போன நகரத்தார், பர்மாத் தேக்கையும் இத்தாலி மார்பிளையும் பெல்ஜியம் கண்ணாடியையும் ஊருக்குக் கொண்டுவந்து வீடு கட்டினார்கள். நிலைக்கு மேலே கஜலட்சுமி, உள்ளே ஐரோப்பிய சரவிளக்கு. இரண்டுக்கும் சண்டையே வரவில்லை என்பதுதான் அந்த வீடுகளின் அழகு.

பிறகு 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தது. போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்தவர்கள் ஏராளம். 1948-ல் சுதந்திரம் பெற்ற பர்மா, நிலங்களை அரசுடைமையாக்கச் சட்டம் போட்டது. வருமானம் நின்றது, ஆனால் வீடு நின்ற இடத்தில் அப்படியே நின்றது. அதற்கு வெள்ளையடிக்கவே ஒரு சொத்தை விற்க வேண்டும். தலைமுறைகள் தாண்டியதும் ஒரே வீட்டுக்குப் பத்து, இருபது பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். கடைசியில் தூண் தனியாக, கதவு தனியாக, கண்ணாடி தனியாக விலைக்கு வருகிறது.

"இது எந்த வீட்டுல இருந்து வந்ததுண்ணே?" என்று கடைக்காரரிடம் கேட்டேன். "பேரு மட்டும் கேக்காதீங்க தம்பி, வித்தவங்களுக்குச் சங்கடம்" என்றார். அதற்குமேல் கேட்க எனக்கும் மனசு வரவில்லை.

நாம் வாங்கினால் அந்தப் பொருளைக் காப்பாற்றுகிறோமா, இல்லை இன்னொரு வீட்டைப் பிரிக்கத் தூண்டுகிறோமா? என் கணக்கு இது: கண்ணாடி, ஜாடி, நாற்காலி போனாலும் வீடு வீடாகவே இருக்கும். தூணும் உத்திரமும் நிலைக்கதவும் அப்படியில்லை, அவற்றைப் பெயர்த்தால் வீடே போச்சு. ஆகவே, முதல் வகையோடு நிறுத்திக்கொள்வேன். செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-லேயே இடம்பிடித்துவிட்டன. அங்கே நிற்கிற ஒவ்வொரு வீடும் முக்கியம்.

சரி, கண்ணாடிக்கு வருவோம். ஓரங்களில் கறுத்து, புள்ளி விழுந்திருந்தால் 'ரசம் போன கண்ணாடி' என்போம் இல்லையா? அது வெறும் பேச்சு வழக்கு இல்லை. முன்பு கண்ணாடியின் பின்பக்கம் வெள்ளீயமும் பாதரசமும்தான் பூசினார்கள். 1835-ல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் வெள்ளி பூசும் முறையைக் கண்டுபிடித்த பிறகு, பாதரசம் மெல்ல மெல்ல விடைபெற்றது. வார்த்தை மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

வாங்குவதாக இருந்தால், முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தை அதிக நேரம் பாருங்கள். பலகை பழையதா, ரம்பத் தடம் தெரிகிறதா, ஆணி எப்படிப்பட்டது என்று கவனியுங்கள். புத்தம்புது பிளைவுட் இருந்தால் காரணம் கேளுங்கள். விரலை வைத்து பிம்பத்துக்கும் விரலுக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கச் சொல்வார்கள். அதில் கண்ணாடியின் தடிமன் தெரியும், வயது தெரியாது. 'பெல்ஜியம்' என்று சொல்வதையெல்லாம் அப்படியே நம்ப வேண்டாம். அந்தக் காலத்தில் பெல்ஜியம் உலகமெங்கும் கண்ணாடி அனுப்பியது உண்மைதான். அதனாலேயே அந்தப் பெயர் இன்று எல்லாக் கண்ணாடிக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு அனுப்பலாமே என்று நினைப்பவர்கள் கவனிக்க: 100 ஆண்டுகளைத் தாண்டிய கலைப்பொருட்களைத் தனிநபர்கள் ஏற்றுமதி செய்வதை 1972-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

புள்ளி விழுந்ததற்காகப் புதிதாக ரசம் பூசிவிடாதீர்கள். பழைய மவுசே போய்விடும். துடைக்கும்போது தண்ணீரோ ஸ்பிரேயோ நேரடியாக அடிக்கக் கூடாது. ஓரம் வழியே ஈரம் இறங்கினால் கறுப்பு இன்னும் பரவும். உலர்ந்த பருத்தித் துணி போதும். காரில் கொண்டுவருவதாக இருந்தால் படுக்கப் போடாமல் நிமிர்த்தி, போர்வை சுற்றிக் கட்டுங்கள். வீட்டில் மாட்டும்போது சட்டத்தின் எடைக்கு ஒற்றை ஆணியை நம்பாமல், சுவரில் துளையிட்டு இரண்டு பெரிய கொக்கிகள் பொருத்தச் சொல்லுங்கள்.